பருத்தி இலை சிவந்தால் யூரியா மூட்டையா?

திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்துக் கரிசலில் பருத்தி காய் பிடிக்கும் நேரம் வந்துவிட்டால், எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி சிவந்த இலைதான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "சார், யூரியா எத்தனை மூட்டை போடட்டும்?"

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இளம்பச்சையாகச் சின்னப் பூச்சி குறுக்குவாட்டில் ஓடி, இலை ஓரம் சுருண்டு கருகியிருந்தால் அது தத்துப்பூச்சி. இதற்கு யூரியா போட்டால் இலை இன்னும் தளதளவென்று வரும், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. நரம்பு பச்சையாகவே நிற்க, நடுவில் மட்டும் சிவப்பேறி, அதுவும் அடி இலையில் தொடங்கினால் மெக்னீசியம் பற்றாக்குறை. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் வேர் மெக்னீசியத்தை எடுக்கச் சிரமப்படும். மழைத்தண்ணீர் நின்று வேர் திணறினாலும் இலை சிவக்கும். அப்போது முதல் வேலை தண்ணீரை வடிப்பதுதான், உரக்கடைக்கு ஓடுவது இல்லை.

சத்துக் குறைவுதான் என்று தெரிந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு மெக்னீசியம் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம், துத்தநாக சல்பேட் 10 கிராம் கலந்து, விதைத்த 50, 80ஆம் நாட்களில் இலை நனையத் தெளிக்கலாம்.

ஆனால் கோளாறு பெரும்பாலும் அடியுரத்திலேயே, அதாவது விதைக்கும்போது போடும் உரத்திலேயே, தொடங்கிவிடுகிறது. நம் ஆட்கள் மூட்டைக் கணக்கு பார்க்கிறார்கள், சத்துக் கணக்கு பார்ப்பதில்லை. டிஏபியும் யூரியாவும் போட்டால் முடிந்தது என்று நினைப்பு. இரண்டிலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) துளியும் கிடையாது. காய் திரளவும் பஞ்சு முற்றவும் அதுதான் வேண்டும்.

பாசனத்தில் வீரிய ஒட்டுப் பருத்திக்குப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து 120:60:60 கிலோ. ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து, மணியும் சாம்பலும் தலா 24 கிலோ. டிஏபி ஒரு மூட்டையில் மணி 23 கிலோ வந்துவிடும், தழை 9 கிலோ. மீதித் தழைக்கு யூரியா 85 கிலோ, அதாவது இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பொட்டாஷ் 40 கிலோ. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரம், 45ஆம் நாள், 65ஆம் நாள் என்று மூன்றாகப் பிரியுங்கள். யூரியாவைக் காய்ந்த கரிசலின் மேல் வீசிவிட்டுப் போனால் பாதி காற்றோடு போகும். ஈரம் பார்த்துப் போட்டு மண் அணையுங்கள்.

டிஏபி கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை அதே மணிச்சத்தைத் தரும், கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வரும். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. அப்போது யூரியா மட்டும் 104 கிலோ ஆகும். எதைப் போட்டாலும் துத்தநாக சல்பேட்டை அதோடு கலக்காதீர்கள். இரண்டும் பிடித்துக்கொண்டு செடிக்கு எட்டாமல் போகும். மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

மானாவாரிக்கு இந்த அளவு பொருந்தாது, அங்கே மழைதான் கணக்கு. எந்த நிலமானாலும் கோடையில் வரப்பு, எருக்குவியல், மரநிழல் தவிர்த்து, ஏழெட்டு இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி, ஒரு சாண் ஆழ மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மட்டும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். சீட்டு வந்த பிறகு மூட்டை வாங்கலாம்.