நடக்காத கோலுக்கு யார் மதிப்பெண் போடுவது?

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் ஆண்டுதோறும் ஓர் அணியை அறிவிப்பார்கள். 22 பேர், கேப்டன், துணை கேப்டன், யார் எந்த இடத்தில் என்பது வரை எல்லாம் உண்டு. ஆனால் அந்த அணி ஒன்றாகக் களம் இறங்குவதில்லை. 'ஆல் ஆஸ்திரேலியன்' என்று பெயர். இந்த ஆட்டத்தின் முதன்மை லீகான ஏஎஃப்எல்லில் இப்போது உள்ள 18 கிளப்புகளிலும் அந்தப் பருவத்தில் சிறப்பாக ஆடியவர்களுக்கான கௌரவம் இது. 1991 முதல் இந்த முறையில் தேர்வு நடக்கிறது.

லீக் சுற்று முடிந்ததும் தேர்வுக் குழு முதலில் 44 பேரைச் சொல்லும். அப்புறம் அதில் பாதிப் பேரைக் கழிக்க வேண்டும். 44 பேரில் 22 பேரை எடுக்க எத்தனை வழிகள் இருக்கின்றன தெரியுமா? 2 லட்சம் கோடிக்கும் மேல். யாரை எங்கே நிறுத்துவது என்பதை இன்னும் நாம் தொடவே இல்லை.

சிக்கல் அங்கேதான். நீள்வட்ட மைதானத்தில் ஓர் அணிக்கு 18 பேர். வரிசைக்கு மூவராக ஐந்து வரிசை. அதுபோக, பந்து போகும் இடமெல்லாம் ஓடுகிற மூவர். மிச்சம் 4 பேர் பெஞ்சில். ஆக, கேள்வி 'சிறந்த 22 பேர் யார்' என்பதல்ல. 'இந்த இடத்துக்குச் சிறந்தவர் யார்' என்பதுதான். இரண்டும் வேறு வேறு கணக்கு.

சின்ன உதாரணம் பார்க்கலாம். 'அ' என்பவர் நடுக்களத்தில் 10 மதிப்பெண் பெறுகிறார், 'விங்' எனப்படும் மைதான ஓரத்தில் 9. 'ஆ' நடுக்களத்தில் 9, விங்கில் வெறும் 5. 'அ'வை அவருடைய சிறந்த இடத்திலேயே போட்டுவிட்டால் மொத்தம் 15தான். இடம் மாற்றிப் போட்டால் 18! கணிதத்தில் இதற்கு ஒதுக்கீட்டுக் கணக்கு என்று பெயர். எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்காமலேயே சிறந்த விடையைக் கண்டுபிடிக்கும் 'ஹங்கேரிய முறை'யை 1955இல் ஹரால்ட் கூன் வெளியிட்டார்.

சரி, கணினியிடமே கொடுத்துவிடலாமே? கூடாது என்பேன். 'அ' அந்தப் பருவம் முழுக்க விங்கில் ஆடவே இல்லையென்றால், அந்த 9 வெறும் ஊகம். நடுக்கள நட்சத்திரங்களை இப்படி விங்கில் நிறுத்தியபோதெல்லாம் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வாரா வாரம் கோட்டோரம் மூச்சிரைக்க ஓடியவருக்கு உரிய இடம் அது.

இதைவிடக் கடினமானது தடுப்பாட்டக்காரரை அளப்பது. உயரமாக ஒரு பந்து கோல் கம்பங்களை நோக்கி வருகிறது. 15 மீட்டராவது பறந்து வந்த உதையை அப்படியே பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் யாரும் குறுக்கிடாமல் நிதானமாக உதைக்கலாம், கோல் விழுந்தால் 6 புள்ளி. முன்கள வீரர் எம்பி, இரு கைகளையும் நீட்டுகிறார். விரல் பந்தில் படப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு முஷ்டி வந்து பந்தைக் குத்தித் தள்ளுகிறது. இதைத்தான் 'ஸ்பாயில்' என்கிறார்கள். புள்ளிவிவரத் தாளில் அதற்கு ஒரே ஒரு எண் கூடும். 'ஒன் பர்சென்டர்', அதாவது 'ஒரு சதவீத வேலை' என்ற கணக்கில் சேரும். பெயரே அதன் மவுசைச் சொல்லிவிடுகிறது. அதே ஆட்டத்தில் நடுக்கள வீரர் 30 முறை பந்தைத் தொட்டிருப்பார். தாளை மட்டும் பார்த்தால் யார் பெரியவராகத் தெரிவார்?

அதனால் தடுப்பாட்டக்காரரின் பெயர் வரும்போது அவருடைய எண்களை மட்டும் பார்த்தால் போதாது, அவர் காவல் காத்த ஆளின் எண்களையும் பார்க்க வேண்டும். வழக்கமாக மூன்று நான்கு கோல் போடுகிறவர் அன்று ஒன்றோடு நின்றிருந்தால், அந்தக் குறைவுதான் இவருடைய வேலை. அதிலும் எச்சரிக்கை வேண்டும்: அன்று மழையா, எதிரணிக்குப் பந்தே சரியாக வரவில்லையா? ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தற்செயல் கரைந்து திறமை துலங்கும்.

ரிச்மண்ட் கிளப்பின் அலெக்ஸ் ரான்ஸ் அப்படித் துலங்கியவர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டும் இந்த அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. 2017இல் கேப்டன் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள்.