குளோசரி: அருஞ்சொற்பொருளா, வழக்குச்சொற்பொருளா?

ஆங்கிலத்தில் எழுதப்படும் இந்திய நாவல்கள் சிலவற்றின் கடைசிப் பக்கங்களில் வேட்டி, பந்தல், அத்தை என்று அகரவரிசையில் பொருள் போட்டிருக்கும். அந்தப் பட்டியல்தான் குளோசரி. வேர், கிரேக்கத்தின் 'க்ளோஸ்ஸா': முதலில் நாக்கு, பிறகு மொழி. அரிஸ்டாட்டில் கவிதையியலில் அதையே வேற்றூர்ச் சொல் என்ற பொருளில் ஆள்கிறார். லத்தீனில் அது அருஞ்சொல்லுக்கான குறிப்பாகி, பின் குறிப்புகளின் தொகுப்பானது.

வேற்று நிலத்துச் சொல்லைத் தொல்காப்பியம் திசைச்சொல் என்கிறது. சிலப்பதிகாரத்துக்கு, கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரை உண்டு. அந்நூலுக்கே விரிவாக உரை செய்த அடியார்க்கு நல்லார் கொங்கு நாட்டு நிரம்பைக்காரர் என்பார்கள். அங்கே எழுதியவருக்கும் படிப்பவருக்கும் மொழி ஒன்று. ஆங்கில நாவலில் அப்படியில்லை. பாத்திரம் தினமும் பேசும் சொல்லே சாய்வெழுத்தில் அந்நியமாகி நிற்கிறது.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்வோம். 'மேய்ச்சல் நிலம்' என்று பொருள் போட்டால் வெளியூர் வாசகர் திறந்த புறம்போக்கை நினைப்பார். அதுவோ சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேலமரம் என்று ஒருவருக்குச் சொந்தமான காடு. வேலி தெரியாதவருக்கு, அதன் வாசலை அடைக்கும் படலைத் திறந்துவிட்டது யார் என்ற சண்டை விளங்காது. உறவுச்சொல்லில் இன்னும் மோசம். அப்பாரு அப்பாவின் அப்பா, அப்புச்சி அம்மாவின் அப்பா. இரண்டுக்கும் ஒரே 'கிராண்ட்பாதர்' போட்டால் சொத்து எந்த வழியில் வந்தது என்பதே குழம்பிப்போகும். ஒருசொல் பொருள் போதாத இடத்தில் அமைப்பு, உடைமை, யார் யாரை அழைப்பது ஆகியவற்றை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். அல்லது காட்சியிலேயே படலைக் காட்டிவிட்டுப் பட்டியலை விட்டுவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் உசத்தி.

தமிழில் 'அருஞ்சொற்பொருள்' பழகிய பெயர். செய்யுளுக்கு அது சரி. பெருந்துறைச் சந்தையில் புழங்கும் சொல்லை 'அரிய சொல்' என்பது யார் பார்வையில்? நாவலுக்கு 'வழக்குச்சொற்பொருள்' பொருந்தும். துறைநூலுக்குக் 'கலைச்சொல் பட்டியல்' போதும். அகராதி வேறு, அது ஒரு நூலோடு நிற்பதில்லை.

எந்தப் பட்டியலுக்கும் அடங்காத ஒன்று, 'ஆமாங்க', 'இல்லீங்க' என்று ஒட்டிக்கொண்டே வரும் 'ங்க'. தனிச்சொல்லாக இல்லாததை எந்த எழுத்தின் கீழ் வைப்பது? ஆங்கில வாக்கியத்தின் நடையையே வளைத்தால்தான் உண்டு. ராஜா ராவ் 1938-இல் 'காந்தபுரா' என்ற ஆங்கில நாவலில், கன்னட நாட்டுக் கிராமத்துப் பாட்டி கதை சொல்லும் மூச்சில் ஆங்கிலத்தை ஓடவிட்டது அந்த வழியில்தான்.