ராணி போன பிறகு ராஜாவுக்கு என்ன பயம்?

2000-ஆம் ஆண்டு, லண்டன். உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் முதல் ஆட்டம். எட்டாவது நகர்த்தலில் சாம்பியன் காஸ்பரோவின் வெள்ளை ராணி, கறுப்பு ராணியை வெட்டி செக் வைக்கிறது. எதிராளி கிராம்னிக் அதைத் தம் ராஜாவாலேயே வெட்டுகிறார். கறுப்பு ராஜா இனிக் கோட்டை கட்ட, அதாவது யானையின் துணையோடு ஓரமாக ஒதுங்க, முடியாது; நடு வரிசையில் வெட்டவெளியில் நிற்கிறது. பழகும் சிறுவன் இப்படி ஆடினால் பயிற்சியாளர் தலையில் குட்டுவார்.

இதுதான் கறுப்பு ஆடும் தொடக்க முறைகளில் ஒன்றான பெர்லின் தற்காப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ராஜா நடுவில் நிற்பது ஆபத்து என்பதற்கு முக்கியக் காரணமே ராணிதான். நேராகவும் குறுக்காகவும் பாய்ந்து, ஒரே நகர்த்தலில் இரண்டு இடங்களை மிரட்டும் காய் அது. அது போய்விட்டால் தாக்குதலின் பல் பாதி விழுந்துவிடும். ராஜாவும் சும்மா நிற்காமல் சிப்பாய்களுக்குக் காவலாக நடக்கத் தொடங்கும்.

ஆனால் கறுப்புக்குக் கடன் ஒன்று இருக்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் ராஜாக்கள் நிற்கும் பாதிப் பலகையில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. மறுபக்கம் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. சமம்தானே என்று தோன்றும். இல்லை. கறுப்பின் நான்கில் இரண்டு, சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டவை. வெள்ளை ஒழுங்காகத் தடுத்தால், அந்த நான்கால் தடையற்ற சிப்பாய் ஒன்றை, அதாவது எதிரிச் சிப்பாய் மறிக்காமல் கடைசிக் கட்டம் வரை போய் ராணியாகக்கூடிய ஒன்றை, உருவாக்க முடியாது. வெள்ளையால் முடியும். ஆகவே மற்றக் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போனால் பொதுவாக வெள்ளை ஜெயிக்கும். கறுப்பின் கையில் இருக்கும் ஈடு, இரண்டு பிஷப்களும், எளிதில் உடையாத அமைப்பும். அவசரப்பட்டுக் காய்களை மாற்றிக்கொள்ளாமல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும் என்பது உண்மைதான்.

தாக்கியே பழகிய காஸ்பரோவுக்கு இது உப்பில்லாத சாப்பாடு. 1, 3, 9, 13 ஆகிய நான்கு ஆட்டங்களில் இந்தச் சுவரில் மோதினார், நான்கும் டிரா. போட்டி முழுவதிலும் ஓர் ஆட்டம்கூட அவர் ஜெயிக்கவில்லை. கிராம்னிக் இரண்டில் ஜெயித்து, 8.5–6.5 என்ற கணக்கில், 1985 முதல் காஸ்பரோவிடம் இருந்த பட்டத்தைப் பறித்தார்.

சுவர் இடியாததல்ல. 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில், கார்ல்சனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தில் ஆனந்த் இதே தற்காப்பை ஆடினார். நன்றாகவே போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 27-ஆவது நகர்த்தலில் ஒரு பிஷப்புக்காக யானையைக் கொடுக்கத் துணிந்தார். கணக்குத் தப்பியது. 45-ஆவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.