ஹார்மோன்: மீனுக்குள் ஊறும் இயக்குநீர்

"ஹார்மோன் போட்டு வளர்த்த மீனா?" காவேரிப்பட்டணம், பாரூர் பக்கம் பண்ணை மீன் வாங்க வருகிறவர்கள் தயங்காமல் கேட்கும் கேள்வி இது. ஹார்மோன் என்றாலே வெளியிலிருந்து ஏற்றும் மருந்து என்று மனதில் பதிந்துவிட்டது. சொல்லின் பொருள் அதற்கு நேர்மாறானது.

உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் லண்டனில் ஆற்றிய உரையில் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினார். 'தூண்டிவிடுதல்' என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. உடம்பின் சுரப்பியிலேயே ஊறி, ரத்தத்தோடு போய், வேறோர் உறுப்பை வேலை செய்ய வைக்கும் பொருளுக்கு இந்தப் பெயர். தமிழில் இயக்குநீர். உமிழ்நீர், பித்தநீர் வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் ஓமோன். உடலை வளர வைக்கும் ஹார்மோனை 'வளரூக்கி' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் பயிருக்குத் தெளிப்பதையும் ஊக்கி என்றே சொல்வதால் குழப்பம் கூடும். 'வளர்ச்சி இயக்குநீர்' என்பதே என் தேர்வு.

மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி இயக்குநீரைச் சுரக்கிறது. அது கல்லீரலை எட்டியதும், ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு இயக்குநீர் உண்டாகிறது. தசையையும் எலும்பையும் பெருக்குவதில் இதற்குத்தான் பெரும்பங்கு. தீனி இல்லாமல் கிடக்கும் மீனின் ரத்தத்தில் வளர்ச்சி இயக்குநீர் குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது! ஆனால் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஐ.ஜி.எஃப்-1 சரிகிறது, சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது, மீன் வளராமல் நிற்கிறது. மறுபடி நல்ல புரதத் தீனி கிடைத்தால் ஐ.ஜி.எஃப்-1 ஏறும், வளர்ச்சியும் வேகம் பிடிக்கும். வெறும் தவிட்டை மட்டும் கொட்டிவிட்டு, குட்டையில் மீன் எடை ஏறவில்லையே என்று வருந்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வயதும் கணக்கில் வரும். ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சுக்குத் தீனியில் 40 சதவீதம் வரை புரதம் வேண்டும். வளர்ந்த மீனுக்கு 25 முதல் 30 போதும். ஜிலேபி சில மாதங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதன்பின் தின்றதில் ஒரு பங்கு முட்டைக்கும் விந்துக்கும் போய்விடும், பெட்டைக்குக் கூடுதலாக. ஆண் மீன் வேகமாக வளர்வதால், பல பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு முதல் சில வாரம் ஆண் இயக்குநீர் கலந்த தீனி கொடுத்து, எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். அது வளர்ச்சி இயக்குநீர் அல்ல. பிடிக்கும் அளவுக்கு மீன் வளர்வது அதற்குப் பல மாதம் கழித்துத்தான்.

கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்களுக்கு ஊசி போடுவது உண்மை. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று மீன்வள விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தி கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த ஊசி தாய் மீனுக்கும் ஆண் மீனுக்கும், குஞ்சு எடுப்பதற்காக மட்டும். சந்தைக்கு வரும் மீனுக்கு அதைப் போடுவதில்லை.