பட்டியலில் இரண்டு கொருக்குப்பேட்டை

தண்டையார்பேட்டையில் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் ஒருவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏரியா வாரியாக வசூல் கணக்கு எடுத்தால் கொருக்குப்பேட்டை இரண்டு வரியாக வந்தது. திருவொற்றியூர், கொடுங்கையூருக்கும் அதே கதி. ராயபுரம், காசிமேடு, மணலி ஒழுங்காக இருந்தன. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

சிக்கிய பெயர்கள் எல்லாவற்றிலும் ஒகரம் இருக்கிறது, கவனித்தீர்களா? கணினியில் எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் முதல் கொருக்குப்பேட்டைக்கு 16, அடுத்ததற்கு 17. நாம் எண்ணினால் எட்டே எழுத்து! இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

பழைய வாடிக்கையாளர் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்தது. அதில் கொம்பும் காலும் தனித்தனி. மாற்றித் தந்த கருவி கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு விட்டுவிட்டது, இரண்டையும் சேர்க்கவில்லை. புதிதாகப் போனில் அடித்த முகவரிகளில் ஒரே குறியீடு.

தீர்வு ஒரு வரிதான். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் வசதி கூடவே வருகிறது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே டேட்டாபேஸில் சேமியுங்கள். தேடல் பெட்டியில் அடிக்கும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள தரவையும் ஒருமுறை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் பாதிக் கிணறுதான்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே வருத்துகிறது. பெயரில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க பைத்தானின் இஸ்ஆல்ஃபாவைப் போடுகிறார்கள். அதற்குப் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்தே இல்லை. ‘மலர்’ என்று கொடுத்தால் தள்ளிவிடும். தன் பெயரைத் தமிழில் சரியாக அடித்தவரிடம் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று சொல்வது என்ன நியாயம்? அந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ‘கௌரி’யை ளகரம் போட்டுக் ‘கெளரி’ என்று அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, அதன் கணக்கில் அது வேறு சொல். அதையெல்லாம் தண்ணீர் கேன்காரரின் கடைப் பையனோடு உட்கார்ந்து பார்த்துத்தான் திருத்தினோம்.