ஃபெர்டிலைசேஷன்: உரமிடலா, கருக்கட்டலா?

ஃபெர்டிலைசேஷன் (fertilization) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது, தருவது. அதிலிருந்து 'ஃபெர்டிலிஸ்', அதாவது விளைச்சல் மிகுந்த என்ற சொல் பிறந்தது. மண்ணை விளையவைப்பதும் முட்டையைக் கருவாக்குவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தமிழில் அப்படி ஒரு பொதுச்சொல் இல்லை. தேடவும் வேண்டாம்.

வேளாண்மையில் இது உரமிடல். பழைய சொல் எரு: 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' (குறள் 1038). அதே வள்ளுவர் 'உரம் ஒருவற்கு உள்ள வெறுக்கை' (600) என்னும்போது உரம் என்பது மனவலிமை. இன்று சாணமும் மட்கிய தழையும் எரு, 46 சதவீதம் நைட்ரஜன் உள்ள யூரியா உரம் என்று பேச்சில் பெரும்பாலும் பிரித்தே சொல்கிறோம். இலங்கையில் பசளை.

சிக்கல் உயிரியலில்தான். விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை 1876இல் ஜெர்மன் உயிரியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் கண்டு விளக்கினார். இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கருவுறுதல் என்கின்றன, இலங்கை நூல்கள் கருக்கட்டல் என்கின்றன. என் ஓட்டு கருக்கட்டலுக்கு. 'அவள் கருவுற்றாள்' என்றால் கர்ப்பமானாள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முட்டை கருக்கட்டுவது கருக்குழாயில். கருப்பையில் போய்ப் பதிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், பதியாமலும் போகலாம். பதிந்து நிலைப்பதைக் கருத்தரித்தல் என்று தனியே சொன்னால் குழப்பமில்லை.

கருவூட்டல் வேறு. அது விந்தை உள்ளே செலுத்துவது மட்டும். சினை ஊசி போட்ட மாடெல்லாம் சினையாகிவிடுவதில்லையே!

மகரந்தச் சேர்க்கையையும் கருக்கட்டலுடன் சேர்த்துக் குழப்புகிறார்கள். மகரந்தத்தூள் பூவின் சூலகமுடியில் வந்து ஒட்டுவதோடு அந்த வேலை முடிந்தது. பிறகு மகரந்தக்குழாய் சூலுக்குள் இறங்கி இரண்டு ஆண் அணுக்களைச் சேர்க்கும். ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகும். மற்றது சூலுக்குள்ளேயே இருக்கும் துருவ உட்கருக்களோடு கூடி, முளைக்கு உணவாகும் முளைசூழ்தசையாகும். தீட்டிய அரிசியில் நாம் உண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூடலின் விளைவைத்தான். பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருக்கட்டலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்தார்.

மொழிபெயர்ப்பவர்கள் இடறும் இடம் இன்னொன்று: கடலில் இரும்புச்சத்தைத் தூவி மிதவைப் பாசிகளைப் பெருக்கும் சோதனை. அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போட்டால் கடல் கருவுற்றுவிடும். 'கடலுக்கு இரும்பு உரமிடல்' என்றாலே போதும்.