கணக்கர் மேசையில் கைப்பேசித் திரை

பேரேட்டைத் திறந்தால் முன்பு ஒரே பார்வையில் இருபத்தெட்டு வரி தெரியும். கணக்கு மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் ஒன்பது வரிதான் தெரிந்தது.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை அது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டிய மணகோலமும் கைமுறுக்கும் டின்களில் அடைபட்டுக் காத்திருந்தன. யாரிடமிருந்து எவ்வளவு முன்பணம் வந்திருக்கிறது என்று சரிபார்க்க முடியாமல் கணக்கர் திணறிக்கொண்டிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். எண்களில் ஒருநாளும் தடுமாறாதவர். "முகப்பில் நின்றால் பின்கட்டு வரை தெரிகிற வீடு, தம்பி. அதைச் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கச் சொல்கிறார்கள்" என்றார்.

கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு மென்பொருள் நிறுவிப் பழக்கிக் கொடுப்பது என் தொழில். இந்தப் புகார் இப்போது வாரம் தவறாமல் வருகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள்: "எனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது." அப்படி இல்லை. விரலுக்காக வடிவமைத்த திரையை மவுஸ் பிடித்த கையிடம் கொடுத்திருக்கிறார்கள். தவறு அங்கே இருக்கிறது.

விரல்நுனி தடிமனானது, தொடும்போது இலக்கையே மறைத்துவிடும். அதனால்தான் தொடுதிரைப் பொத்தான் குறைந்தது 44 புள்ளி அளவு இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வது 48 அலகு, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். கைப்பேசியில் இது மிகச் சரி. மவுஸ் அம்பின் முனையோ ஒரு புள்ளி அளவுதான். அதற்கு அவ்வளவு இடம் தேவையில்லை. இருந்தும் ஒவ்வொரு பற்றையும் ஒவ்வொரு வரவையும் தனித்தனி அட்டைபோல ஆக்கி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கினால், கணக்கைத் தேடித் தேடி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தி, பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் இது. நான்கு வரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஐந்தாவது வரியின் பிழை தெரியும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய பொத்தான் எளிதுதானே என்று கேட்கலாம். இலக்கு பெரிதாக இருந்தால் கை விரைவில் சேரும், தொலைவில் இருந்தால் தாமதமாகும் என்று 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் காட்டினார். கைப்பேசியில் எல்லாமே கட்டைவிரல் எட்டும் தூரம். 24 அங்குலத் திரையில் மெனு இடது மேல் மூலையிலும் "சேமி" வலது கீழ் மூலையிலும் இருந்தால், பெரிய பொத்தானால் கிடைத்த லாபத்தைத் தூரம் தின்றுவிடுகிறது. நாளுக்கு இருநூறு பில் போடுபவரின் மணிக்கட்டுக்கு இது தெரியும்.

அந்த மெனுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று கோடுகளுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். சின்னத்தின் மேல் அம்பை நிறுத்தினால் முன்பு அதன் பெயர் தெரியும். விரலை அப்படி நிறுத்திக் காட்ட முடியாது என்பதால் பல மென்பொருள்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். தமிழில் மாற்றினால் இன்னொரு தொல்லை: நம் சொற்கள் நீளமானவை, பொத்தானுக்குள் அடங்காமல் "கொள்முத..." என்று பாதியில் நின்றுவிடும். கொள்முதலா, கொள்முதல் திருப்பமா என்று அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பூக்கல் பட்டறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கண்ணாடி மேல் வண்ணம் வார்த்துக் கையால் செய்யும் தரைக்கற்கள். பில் போடுபவர் பட்டறைக்காரரின் மருமகள். தேதியைத் தட்டச்சு செய்யும் கட்டம் போய், நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சக்கரங்கள் வந்திருந்தன. கைப்பேசியில் விரலால் சுழற்றுவதற்கானவை. 30-ஆம் தேதி பில் ஒன்றை முடித்துவிட்டு, பக்கத்தைக் கீழே இறக்க மவுஸின் உருளையைச் சுழற்றியிருக்கிறார். அம்பு அப்போது மாதச் சக்கரத்தின் மேல் இருந்திருக்கிறது. பக்கம் நகரவில்லை, மாதம் நகர்ந்துவிட்டது. ஜிஎஸ்டி கணக்கில் அந்த பில் வேறு மாதத்தில் போய் உட்கார்ந்தது. வாங்கியவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை என்று மாமனாருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டுத் திரை முழுக்கக் கட்டங்களை நிரப்பியது. மறு ஆண்டே 8.1-இல் பொத்தான் திரும்பி வந்தது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் பழைய மாதிரி மெனுவும் வந்தது. அப்படியானால் தொடுதிரைக் கணினியே வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிமிர்ந்து நிற்கும் திரையை நாள் முழுக்கக் கைநீட்டித் தொட்டால் தோள் ஓய்ந்துவிடும். இதற்குக் "கொரில்லாக் கை" என்றே துறையில் பெயர் உண்டு. தொடுபரப்பு செங்குத்தாக இருக்கக் கூடாது என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் மேடையிலேயே சொன்னார்.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. விண்டோஸ் 11-இல் கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் "காம்பாக்ட் வியூ" இருக்கிறது. வரிகள் நெருங்கி வரும். ஸ்க்ரோல் பட்டை மறைந்து மறைந்து தொல்லை கொடுத்தால், அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் எப்போதும் தெரியும்படி வைக்கலாம். எம்எஸ் ஆபீஸில் இடைவெளி அகலமாகத் தெரிந்தால் அது தொடுதிரை நிலையில் இருக்கக்கூடும். மவுஸ் நிலைக்கு மாற்றுங்கள். பிரவுசரில் ஓடும் மென்பொருள் என்றால் கன்ட்ரோலுடன் கழித்தல் குறியை அழுத்திச் சிறிதாக்கலாம், எழுத்து கண்ணை வருத்தாத அளவுக்கு மட்டும். பலகாரக் கடையில் இப்படித்தான் பத்தொன்பது வரி வரை கொண்டுவந்தேன். மீதி ஒன்பது வரிக்காக, மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களுக்குக் கணக்கரையே கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வாங்கப்போகிறவர்கள் விற்பவரின் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கணக்கரை, அவருடைய நாற்காலியில், அவருடைய கணினி முன்னால் உட்காரவையுங்கள். நேற்றைய பில்களில் இருபதை எடுத்துக் கொடுங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு பில் போடச் சொல்லுங்கள். அது முடியவில்லை என்றால், முன்பணம் கொடுக்காதீர்கள்.